பிட்டும் பைட்டும்

நொடிக்கு 100 மெகாபிட் இணைய இணைப்புப் பெற்றவர், 100 மெகாபைட் வருமென எதிர்பார்த்தல் பிழை. எட்டுப் பிட்டுகள் சேர்ந்ததே ஒரு பைட். ஆதலின் வருவது 12.5 மெகாபைட்டே. விளம்பரங்கள் பெரிய எண்ணையே காட்டும்!

பழைய தொலைபேசித் தடங்களுக்கும் இக்கணக்குப் பொருந்தும். எண்முறைத் தொலைபேசி நிலையம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் குறித்தது. ஆகவே ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தேவைப்பட்டது. இந்தியா ஏற்றுக்கொண்ட ‘இ-1’ தடத்தில் இத்தகைய கூறுகள் 32. சேலத்தையும் நாமக்கல்லையும் அத்தகைய தடம் ஒன்று இணைப்பின், ஒரே வேளையில் 30 உரையாடல்கள் செல்லும். எஞ்சிய இரண்டு கூறுகள் கால ஒத்திசைவுக்கும் அழைப்புக் குறிப்புகளுக்கும் உரியன. மொத்தம் 2,048 கிலோபிட். எட்டால் வகுக்க 256 கிலோபைட். 1,000 கிலோபைட் அளவுள்ள நிழற்படம் அதன்வழி ஏறத்தாழ 4 நொடியில் வந்து சேரும். 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியபோது கிடைத்த 9.6 கிலோபிட் தொலைபேசி இணைப்பிலோ, அதே படத்திற்கு ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும்.