காருக்குள் ஒரு வளைந்த அம்பு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் கார்களில் மழைக்காலத்தில் அடிக்கடி நடப்பது இது. கல்லாறு தாண்டும்வரை தொந்தரவு இருக்காது. நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் குளிர் தட்டும். "ஏசி எதுக்குப்பா, ஆஃப் பண்ணு" என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் சொல்வார். ஏசி நிற்கும். சாரல் அடிக்கிறதே என்று ஜன்னல்களும் ஏற்றியிருக்கும். உள்ளே ஐந்து பேரின் மூச்சு. கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிடும். டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடைக்கத் துணியைத் தேடுவார். எதிரே பஸ் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் தேவை துணி அல்ல, ஏசிதான். ஏசி குளிர்விப்பதோடு நிற்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. நிறுத்திய காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அப்படிப் பிழிந்த ஈரம்தான். குளிர் தாங்கவில்லை என்றால் ஏசியை நிறுத்த வேண்டியதில்லை. அதை ஓடவிட்டபடியே வெப்பத் திருகை சிவப்புப் பக்கம் திருப்பி, காற்றைக் கண்ணாடிக்கு அனுப்பினால் போதும். ஈரம் போன சூடான காற்று பட்டதும் ஆவி மளமளவென்று விலகும். ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடுவதைப் பார்த்துப் பலர் பெட்ரோல் வீண் என்று நினைக்கிறார்கள். சமவெளியில், காரை விற்கும் நாள்வரை அந்தச் சிவப்புப் பக்கத்தைத் தொடாதவர்களும் உண்டு.

சென்னை மழை இரவில் கதை தலைகீழ். ஏசியை ஆகக் குறைந்த வெப்பநிலையில் வைத்துக்கொண்டு போனால் கண்ணாடி சில்லிட்டு, அதன் வெளிப்பக்கத்தில் ஈரம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. விரலால் உள்பக்கம் ஒரு கோடு இழுத்தால் ஆவி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வெளிப்பக்கம் என்றால் வைப்பரை ஒருமுறை ஓட்டி, ஏசியின் குளிரைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகும். வைப்பர் பழுதான நாளில் உருளைக்கிழங்கையும் புகையிலையையும் கண்ணாடியில் தேய்த்துச் சமாளித்த லாரி டிரைவர்களின் சாமர்த்தியம் வேறு ரகம். அது மழைத்துளியை ஓடவைக்கும், உள்பக்க ஆவியை ஒன்றும் செய்யாது.

இந்த இடத்தில் ஒரு பட்டனை உற்றுப் பார்க்க வேண்டும். காரின் படம், அதற்குள் வளைந்து திரும்பும் ஓர் அம்பு. அதை அழுத்தினால் வெளிக்காற்று நின்று, உள்ளிருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். வெயிலில் கார் சீக்கிரம் குளிர இது நல்லது. புகை கக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் நல்லது. ஆனால் மலைப்பாதையில் ஆவி படரும்போது இதை அணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கும். நெடும்பயணத்திலும் அப்படித்தான். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 420 பங்கு. நாலைந்து பேர் உட்கார்ந்த காரில் இந்த அம்பு நீண்ட நேரம் எரிந்தால் அது சில ஆயிரங்களைத் தொடும். தலை கனக்கும், கண் சொக்கும். விழுப்புரம் தாண்டி வரும் மயக்கத்துக்கு டிரைவர்கள் மதியச் சாப்பாட்டைத் திட்டுகிறார்கள். பாதிப் பழி இந்த அம்புக்கும் உரியது. அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றை உள்ளே விடலாம்.

பட்டனாவது கைக்குத் தட்டுப்படும். புதிய கார்களில் அதுவும் இல்லை. குளிர், ஃபேன், பாட்டு எல்லாம் டேஷ்போர்டு நடுவில் உள்ள டச் ஸ்க்ரீனுக்குள் போய்விட்டன. திருகைப் பார்க்காமலே திருப்பலாம். திரையைப் பார்க்காமல் தொட முடியாது. ஸ்வீடனின் 'வி பீலேகரே' என்ற கார் பத்திரிகை 2022இல் இதை அளந்து பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பத்தைக் கூட்டுவது, ரேடியோ நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பட்டன்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வால்வோ வி70 காரில் 10 விநாடி போதுமானதாக இருந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியது. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் அதே வேலைக்கு 44.9 விநாடி. கார் கடந்த தூரம் 1,372 மீட்டர்!

பிரிட்டனின் டிஆர்எல் ஆய்வகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கணக்கைச் சொன்னது. போனைக் காரின் திரையோடு இணைக்கும் ஆப்பிள் கார்பிளேயைத் தொட்டு இயக்கும் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு சுதாரிக்க எடுக்கும் நேரம் 57 சதவீதம் கூடுகிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதம். அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு மது அருந்தியவருக்குக் கூடுவதோ 12 சதவீதம்.

ஜெர்மனியில் இது நீதிமன்றம்வரை போனது. மழையில் டெஸ்லா ஓட்டியவர் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்றப் போய், சாலையை விட்டு விலகி மோதினார். காருடன் வந்த திரைதானே என்ற வாதத்தை கார்ல்ஸ்ரூஹே உயர் மண்டல நீதிமன்றம் 2020இல் ஏற்கவில்லை. 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் உறுதியாயின. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதலின் கீழ் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. பதித்த திரையை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ஆனாலும் பொதுமக்களுக்கு ஆபத்தாக ஓட்டினால் கவனம் எதில் சிதறினாலும் அதே பிரிவு பாயக்கூடும்.

உற்பத்தியாளர்களும் மெல்லத் திரும்புகிறார்கள். வால்யூம், இருபக்க வெப்பம், ஃபேன், அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி நிஜப் பட்டன்கள் இருக்கும் என்று ஃபோக்ஸ்வேகனின் வடிவமைப்புத் தலைவர் 2025இல் அறிவித்தார். கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் 'யூரோ என்கேப்' அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டன் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. அதில் ஏசி இல்லை என்பது ஒரு குறை. ஆகவே புது கார் வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷோரூமில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணைச் சாலைப் பக்கம் வைத்தபடியே கண்ணாடி ஆவியை நீக்கவும் பாட்டைக் குறைக்கவும் முடிகிறதா என்று முயன்று பார்க்கலாம். சன்ரூஃபைத் திறந்து காட்டச் சொல்பவர்கள் இதைக் கேட்பதில்லை.

பாட்டுச் சத்தத்துக்கும் சட்டத்தில் ஒரு முடிச்சு உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஈ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஏற்றிய கண்ணாடியும் அதிரும் ஸ்பீக்கரும் சைரனை விழுங்கிவிடும். கேட்கவில்லை என்று சொல்லித் தப்புவது கடினம்.

உயிரையே பறிப்பது, நிறுத்திய வண்டிக்குள் ஏசி போட்டுத் தூங்கும் பழக்கம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் ஏசி போட்டுத் தூங்கிய இருவர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தரையிலிருந்த ஓட்டை வழியே உள்ளே ஏறியிருந்தது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் "ஏசி கேஸ் லீக்" என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் கொல்வது அந்த கேஸ் அல்ல, எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு. மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். சைலன்சர் குழாயில் ஓட்டை, ஷட்டர் இறக்கிய ஷெட், புகை போக வழியில்லாத சுவரோரம், இவற்றில் ஒன்று இருந்தாலே ஆபத்து. ஓய்வெடுக்க வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்து, ஜன்னலை இறக்கி, நிழலில் நிறுத்தித் தூங்குவதே சரி. சைலன்சரில் சத்தம் மாறினால் மெக்கானிக்கிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் வருடாவருடம் சுற்றுவது வேறு எச்சரிக்கை: காரை எடுத்ததும் ஏசி போட்டால் டேஷ்போர்டிலிருந்து பென்சீன் வந்து புற்றுநோய் தருமாம். அந்தத் தகவல் பென்சீனைச் சதுர அடிக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போடுகிறது. காற்றில் கலந்ததைத் தரை போலச் சதுர அடியில் அளக்கும்போதே அதன் லட்சணம் தெரிந்துவிடும். கிளம்பும்போது ஜன்னலை இறக்குவது நல்ல பழக்கம்தான். காரணம், உள்ளே வெந்துகிடக்கும் காற்று வெளியேறி ஏசி சீக்கிரம் பிடிக்கும்.

அந்த வெந்த காற்று குழந்தைகளுக்கு எமன். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாட ஏறிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். அமெரிக்க மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே 22 டிகிரியாக இருந்த மிதமான நாட்களிலும்கூட நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தும் பெரிய பயனில்லை. முன்கூட்டியே ஏசியால் குளிர்வித்திருந்தும் சில நிமிடம்தான் தாமதமானது. "ஏசி போட்டுத்தானே இறங்கினேன், இதோ வந்துடறேன்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டி, சாவியை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் முன்சீட்டுக்குத் தாவி ஹாரனை அழுத்தக் குழந்தைக்குச் சொல்லித்தரலாம். பல கார்களில் சாவி இல்லாமலும் ஹாரன் அடிக்கும்.

ஏசி காசு கொடுத்து வாங்கிய சேவையாகவும் இருக்கிறது. வாடகைக் கார் செயலியில் ஏசி கார் என்று காட்டிவிட்டு, ஏறியதும் "ஏசி போட்டா கட்டுப்படியாகாது சார்" என்ற பதில் வருவது பலருக்குப் பழக்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 மே மாதம் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு அனுப்பிய நோட்டீஸில் குறிப்பிட்ட புகார்களில் இதுவும் ஒன்று. டிரைவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிலோமீட்டருக்குக் கைக்கு வரும் தொகையில் ஏசிக்கான எரிபொருள் கட்டவில்லை என்று ஹைதராபாத் ஓட்டுநர் சங்கம் 2024 ஏப்ரலில் ஏசி போடாப் போராட்டமே நடத்தியது. கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனம். வியர்வையில் முறைத்துக்கொள்வது சீட்டில் இருக்கும் இருவர். அதனால் சண்டையை டிரைவரிடம் போடாமல் புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோவதே பொருத்தம். ஏசி என்று காட்டும் திரையைப் படம் பிடித்து, பயணம் முடிவதற்குள் செயலியிலேயே புகார் பதிந்து, பில்லை வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எட்டு மணி நேரத்துக்கு எடுத்த ஓலா காரில் ஏசி ஓடாமல் தவித்த பெங்களூரு பயணி ஒருவருக்கு, கட்டிய 1,837 ரூபாயை வட்டியோடு திருப்பித் தரவும், மேலே 15,000 ரூபாய் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிட்டது.

சர்வீஸ் சென்டரிலும் நுகர்வோர் சட்டம் துணைக்கு வரும். ஏசி ஃபில்டர் மாற்றினோம் என்றால் பழையதைக் காட்டச் சொல்லலாம். செய்த வேலைக்குப் பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

லாரி டிரைவர்களுக்கு ஏசி என்ற உரிமை மிகத் தாமதமாகத்தான் வந்தது. எஞ்சின் சூடு காலடியில், மே மாத வெயில் தலைக்கு மேல், கழுத்தில் ஈரத் துண்டு, டேஷ்போர்டில் ஒரு குட்டி ஃபேன். சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வடக்கே போகும் வண்டிகளின் கேபின் பல ஆண்டுகளாக இதுதான். 2023 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளை இந்த விதி தொடாது. வண்டி வாங்கும் முதலாளியும் ஓட்டப்போகும் டிரைவரும் தகட்டில் பொறித்த தயாரிப்பு மாதத்தை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.