வைக்கோல் வண்டியும் முந்நூறு மரத்துண்டும்

ஜிக்சா புதிர்னா நம்மூர்க் கடையில அட்டையில வெட்டினதுதான் கிடைக்கும். ஆனா அதோட பூர்வீகம் மரம் மக்களே. 1760களில் லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரிங்கிற வரைபடக்காரர், தேசப்படத்தை மகோகனி பலகையில ஒட்டி, நாட்டெல்லைகளை ஒட்டியே அறுத்து வித்தார். பிள்ளைங்க பூகோளம் படிக்கத்தான்!

பின்னாடி பெரியவங்களுக்கும் பைத்தியம் பிடிச்சு, ஓவியங்களை ஒட்டுப்பலகையில ஒட்டி வெட்ட ஆரம்பிச்சாங்க. மெல்லிசு ரம்பத்தால ஒவ்வொரு துண்டா அறுக்கணும், அதனால விலையும் ஜாஸ்தி. 1930களில் அட்டையை அச்சுல வச்சு ஒரே அழுத்துல வெட்டினதும் விலை சரிஞ்சு போச்சு.

போன மாசம் இங்கே இங்கிலாந்துல ஒரு சாரிட்டி ஷாப்புல மூணு பவுனுக்கு ஒரு பழைய மரப்புதிர் மாட்டுச்சு. முந்நூறு துண்டு. ஜான் கான்ஸ்டபிள் 1821ல வரைஞ்ச 'தி ஹே வெய்ன்'. ஸ்டூர் ஆத்துக்குள்ள நிக்கிற குதிரை வண்டி, கரையில ஒரு நாய், இடப்பக்கம் ஒரு வீடு. அசல் ஆறடி அகலம், லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு. அந்த ஆத்தங்கரை ஆலை அவரோட அப்பாவுது. ஆனா படத்தை வரைஞ்சது லண்டன்ல உக்காந்து. ஊரை விட்டு வந்து ஊரையே நினைச்சுக்கிட்டிருக்கிறது நமக்குத் தெரியாததா? :-)

பழைய புதிர்ல ஒரு குசும்பு உண்டு. நிறம் மாறுற கோட்டுலயே ரம்பம் ஓடியிருக்கும். மரக்கிளைத் துண்டுல வானம் துளிகூட இருக்காது. பெட்டி மேல படமும் கிடையாது. வடிவத்தைத் தடவித் தடவித்தான் சேர்க்கணும். அப்படிச் சேர்க்கையிலதான் தூரத்து வயல்ல வெள்ளைப் புள்ளியா ஆளுங்க வேலை செய்யறதே கண்ணுல பட்டுச்சு.

பெட்டி மூடியில பென்சில்ல 'ஒரு துண்டு இல்லை'ன்னு எழுதியிருந்துச்சு. வாங்கறவன் ஏமாறக் கூடாதுன்னு இங்கே இப்படி எழுதி வைப்பாங்க. நாலு நாள் ராத்திரி உக்காந்து முடிச்சா, ஓட்டையே இல்லை! ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்தேன். மேகத்துல ஒரு துண்டு மட்டும் வேற மரம். யாரோ அளவெடுத்து அறுத்து, சாம்பல் கலந்த நீலத்தைத் தீட்டி வச்சிருக்காங்க. நிறம் ஒரு சாயல் கூடத்தான், ஆனா கச்சிதமா உக்காருது.

அவங்க பேரு எங்கேயும் எழுதலை. பென்சில் எழுத்தையும் அழிக்கலை. நானும் அழிக்காம அப்படியே விட்டுட்டேன்.

உங்க ஊர்ப் பழைய சாமான் கடையில மரப்புதிர் கண்ணுல பட்டா சொல்லுங்கப்பா, முக்கியமா துண்டு குறையறதா இருந்தா!