தேனீக்களைக் கொல்லும் செம்மலர்



பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றைச் செய்கைபண்ணுவோர் தேனீயின் உதவியை நன்கு அறிவர். இக்கொடிகளில் ஆண் மலரும் பெண் மலரும் வெவ்வேறாகப் பூப்பதால், தேனீ மகரந்தத்தைக் கொண்டுசென்று சேர்க்காவிடிற் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். ஆகவே, தோட்டத்தின் அருகில் தேனீக்கள் இறந்து கிடப்பதைக் கண்டால் அதனை அற்பமாகக் கருதலாகாது.

மலைநாட்டில் தெருவோரங்களிலும் தேயிலைத் தோட்டங்களின் அருகிலும் நெடிதுயர்ந்து நின்று, செம்மஞ்சள் நிறமான பெரிய கிண்ணம் போன்ற மலர்களைப் பூக்கும் ஆபிரிக்கத் துலிப் மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறுவர்கள் மொட்டைப் பிதுக்கி நீர் பீச்சி விளையாடும் மரம் என்றால் யாவருக்கும் விளங்கும். ஆபிரிக்காவின் வெப்பவலயக் காடுகளே இதன் தாயகம். புதிதாக உதிர்ந்த மலரொன்றை எடுத்து அதன் கிண்ணத்தினுள்ளே பாருங்கள். எறும்பு, ஈ, கொசுத்தேனீ ஆகியன அதில் மடிந்து கிடப்பதுண்டு.

பிரேசில் நாட்டிலும் இம்மலர்களுள் கொடுக்கில்லாத சிறு தேனீக்கள் இறந்து கிடக்கக் கண்டு, ஆராய்ச்சியாளர் இம்மலரின் மகரந்தத்தையும் தேனையும் உணவிற் கலந்து அத்தேனீக்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவற்றை உண்டவை விரைவில் இறந்தன. இம்மலர் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் ஏற்றவாறு அமைந்தது. சிறு பூச்சிகளால் அதற்குப் பயன் மிகக் குறைவு.

ஆனால், பெட்டியில் வளர்க்கும் தேனீக்கள் குவியலாக இறந்தால், உடனே கோடரியை எடுத்துக்கொண்டு மரத்திடம் செல்ல வேண்டாம். முதலில் அவை எங்கே கிடக்கின்றன என்பதைக் கவனித்தல் வேண்டும். மலரின் கிண்ணத்தினுள்ளே கிடந்தால் மரத்தின்மீது ஐயங்கொள்ளலாம். பெட்டி வாயிலின் முன்னே, நாக்கை நீட்டியபடி, ஒரே நாளிற் பெருந்தொகையாகக் கிடப்பின், அது பெரும்பாலும் பூச்சிநாசினியின் விளைவேயாகும். அப்பொழுது உங்கள் தோட்டத்திலோ அயலார் வயலிலோ அண்மையில் என்ன மருந்து தெளிக்கப்பட்டது என்று விசாரியுங்கள். உண்மையில், மலரின் நஞ்சைவிட நம் கைத்தெளிகருவியே தேனீக்களை அதிகம் கொல்கின்றது.

பூசணி மலர் அதிகாலையில் விரிந்து நண்பகலுக்கு முன் வாடிவிடும். ஆதலால், மருந்து தெளிப்பது தவிர்க்க முடியாததாயின், மாலையில், தேனீக்கள் கூடு திரும்பியபின் தெளித்தல் நன்று. நெல் காற்றினால் மகரந்தம் சேர்வதுதானே என்று சிலர் கூறுவர். அது சரியே, எனினும், நெற்பூ விரியும் முற்பகல் வேளையில் மகரந்தம் சேகரிக்கத் தேனீக்கள் வயலுக்கு வருகின்றன. அவ்வேளையில் வயலுக்கு மருந்தடித்தல் ஆகாது.

துலிப் மரத்தைப் பொறுத்தவரை, அதனை வேலிக்குக் கதியாலாக நடவேண்டாம். கிளையை நட்டாலும் வேர்விடும். அதன் மெல்லிய சிறகுடைய வித்துக்கள் காற்றிற் பறந்து நெடுந்தொலைவு பரவும். அதற்குப் பதிலாகச் சீமைக்கிளுவையை நட்டால், அதன் மலரிலே தேனீக்களுக்கு உணவு கிடைக்கும். தழை வயலுக்குப் பசளையாகும். தேனீப் பெட்டிக்கு அருகில் துலிப் மரம் ஏற்கெனவே நின்றால், பெட்டியை வேறிடத்துக்கு மாற்றுவதே எளிது. மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டையிலும் வேரிலுமிருந்து அது மீண்டும் தளிர்க்கும்.