திருத்தம் ஏற்கும் திறம்

தொண்டை நாட்டுக் கீழைக் கடற்கரையில், தமிழகத்தின் வடகோடியிற் கிடப்பது பழவேற்காட்டு ஏரி. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளிங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புக, இருநீரும் கலந்த இடத்தே மீனும் இறாலும் வளர்கின்றன. அலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடின், கோடையில் ஏரிநீர் சுருங்கி உப்பு மிகும். கடலினின்று வரற்பாலனவாகிய குஞ்சுகளும் வாரா. கரையூர் மீனவர் தாமே மணலை அகழ்ந்து வழி திறந்ததும் உண்டு. மாணாக்கனது உள்ளமும் இதனோடு ஒக்கும். பிறர் கூறும் திருத்தம் புகும் வாயில் அடைபடின், உள்ள கல்வியும் நாளடைவிற் சுருங்கும்.

அவ்வாயிலை அடைக்கும் மணல் இருவகைத்து. ஒன்று, 'யான் அறிந்தேன்' என்னும் தருக்கு. மற்றொன்று, 'என்னால் அறியவொண்ணாது' என்னும் தளர்ச்சி. இவை தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும், இரண்டும் 'யான்' என்பதனையே பற்றி நிற்றலின், ஆணவமென்னும் ஒரு வேரின் இரு கிளைகளேயாம். தருக்குடையான் திருத்தத்தை இகழ்கின்றான். தளர்ந்தான் அதனைத் தன் தகுதியின்மைக்குச் சான்றாகக் கொண்டு அஞ்சுகின்றான். கேளாமையால் இருவரும் ஒப்பர். உயிர் அறிவித்தால் அறியும் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. கண் ஒளியின் துணை வேண்டிநிற்றல் கண்ணுக்கு இழுக்கன்று. பிறர் அறிவிக்க அறிதலும் உயிர்க்கு இழுக்கன்று, இயல்பேயாம். ஆகலின், திருத்தம் பெறுதற்கு நாணவேண்டுவதின்று. காட்டக் காணும் ஆற்றல் உயிர்க்கு உண்மையின், தளரவேண்டுவதும் இன்று.

கரையூர்ச் சிறுவன் வீச்சுவலை பயிலுங்கால், வலை வட்டமாய் விரியாது சுருண்டு வீழும். மூத்தோர் அவன் பிடித்த இடத்தையும் உடல் திரும்பிய அளவையும் காட்டி, மீண்டும் வீசுவிப்பர். குற்றம் வீச்சின்மேலதேயன்றிச் சிறுவன்மேலதன்று. அடுத்த வீச்சில் நீங்குவது. கல்வியிலும் பிழை செய்யுளின்மேலதோ உரையின்மேலதோ ஆவதன்றிக் கற்பவன் உயிர்மேலதன்று. இவ்வேறுபாட்டைத் தெளிந்தவன் திருத்தத்திற்கு அஞ்சான்.

சந்தான குரவர் வரலாற்றில் இதன் உயர்ந்த நிலையைக் காணலாம். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றவர், திருவெண்ணெய்நல்லூரில் இளையராகிய மெய்கண்டாரை அணுகி, ஆணவத்தின் இயல்பு யாதென வினவினர். மெய்கண்டார் அவர் நின்ற நிலையையே காட்டினர் என்பது மரபு. வினவியவரே விடையாயினர். குலகுருவென்னும் மதிப்பும் மூப்பும் தடுக்கவும், அவர் அக்கணமே பணிந்து மாணாக்கராயினர். அருணந்தி சிவாசாரியராகிச் சிவஞான சித்தியாரை அருளியவர் அவரே.

பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. உ. வே. சாமிநாதையர் (1855–1942) 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து, 1876-இல் அவர் மறையுமளவும் பாடங்கேட்டவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தவர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூர்க்கு முன்சீபாய் வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டனர். யாது கற்றீர் என முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கிக் கூறினர். முதலியார் வியந்திலர். இவற்றாற் பயன் யாது என்றதோடு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ எனவும் வினவினர். ஐயர் அவற்றைக் கற்றிலர்.

அப்பொழுது ஐயர்க்கு இருவழிகளும் திறந்தே கிடந்தன. பெரும்புலவர்பாற் பயின்ற தம்மை நியாயத்தலத்து அதிகாரி ஒருவர் குறைகூறுவதா எனச் சினந்திருத்தல் கூடும். இத்துணை கற்றும் பழநூல் அறியாத தாம் ஆசிரியப் பணிக்கு ஏலார் எனச் சோர்ந்திருத்தலும் கூடும். அவர் இரண்டிலும் செல்லாது, நூல் கிடைப்பின் கற்றல் கூடும் என நின்றனர். முதலியார் உதவிய சிந்தாமணிப் பிரதியைப் படிக்கத் தொடங்கியபின், சொல்லும் பொருளும் சமயக் கருத்தும் பலவிடத்து விளங்காவாயின. அது சமண காவியம். ஐயரோ சைவ மடத்தின் சார்பிற் பயின்றவர். எனினும் அவ்வூர்ச் சைனர் மனைகளுக்குச் சென்று, புதிதாய்ப் பயிலும் மாணாக்கனைப்போல ஐயங்களை வினவித் தெளிந்தனர். 1887-இல் சிந்தாமணி அச்சேறிற்று. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாய் வெளிவந்தன. ஒருவர் காட்டிய ஒரு குறை இத்துணைக்கும் வித்தாயிற்று.

அற்றேல், பிறர் கூறும் குறையனைத்தும் திருத்தமாகக் கொள்ளற்பாலனவோ எனின், அன்று. சிந்தாமணி வெளிவந்தபின் கண்டனங்களும் எழுந்தன. மறுப்பு எழுத முனைந்த ஐயரை, உடனிருந்த சாது சேஷையர், அதிற் காலங் கழித்தல் தகாதென்று தடுத்தனர். ஐயரும் அதனை விடுத்தனர். அவ்வறிவுரையை ஏற்றதும் ஒரு திருத்தம் ஏற்றலே. வாதத்தில் இறங்காத அவர், 1907-இற் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டனர். நூலின் குறையைக் காட்டுவார் யாவரேயாயினும் அவர் சொல் ஆராயத்தக்கது. ஆளை இகழும் சொல் வாளா விடத்தக்கது.

முகத்துவாரத்து மணல் ஒருமுறை அகற்றியதனால் ஒழிந்துவிடுவதன்று. அலை ஒதுக்குந்தோறும் மீளவும் சேரும். கற்குந்தோறும் தருக்கும் தளர்ச்சியும் அவ்வாறே வந்து படியும். ஆகலின், அகழும் தொழிலைக் கைவிடாமையே கற்பார்க்குக் கடனாம்.