பரணில் கிடக்கும் ட்ரம்பெட்

கொல்கத்தாவின் மகாத்மா காந்தி சாலைக்குப் பழைய பெயர் ஹாரிசன் ரோடு. மெஹபூப் பேண்ட் போன்ற கல்யாண பேண்ட் குழுக்களின் சின்னச் சின்னக் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. வாசிப்பவர்களில் பலர் பீகார் கிராமத்து விவசாயிகள். முகூர்த்த மாதங்களில் நகரத்துக்கு வந்து ஊதுவார்கள். சீசன் முடிந்தால் ஊருக்குத் திரும்பி வயலில் இறங்குவார்கள். விட்டு விட்டு வாசிப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

அவர்களைப் போலப் பள்ளி பேண்டில் ட்ரம்பெட் வாசித்து, இடையில் விட்டுவிட்டவரா நீங்கள்? பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். மூன்று வால்வுகளும் இறுகிப்போயிருக்கும். இடுக்கியால் இழுக்காதீர்கள், வளைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவி, துடைத்து, வால்வு எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள். கொதிநீர் கூடாது, மேற்பூச்சு உரியும். அப்படியும் அசையாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

விரல்கள் பழசை மறப்பதில்லை. உதடுதான் மறந்துவிடும்! ஒலியை எழுப்புவதே உதடுகளின் அதிர்வு. அவற்றைச் சுற்றியுள்ள தசை பழக்கம் விட்டால் தளர்ந்துபோகும். முதல் வாரங்களில் தினமும் பத்து நிமிடம், தாழ்ந்த சுரங்களை நீட்டி ஊதினால் போதும். ஊதுமுனையைப் பல்லோடு அழுத்த வேண்டாம். உச்ச சுரங்கள் ஊதும்போது வாய்க்குள் காற்றழுத்தம் வெகுவாக ஏறும். ஆகவே ரத்த அழுத்தமோ கண்ணழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.