சாரல் காலத்தில் சூரிய மின்சாரம்

குற்றாலச் சாரலைப் புகழாதார் இலர். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து தூறலாய்ப் பொழியும்போது தென்காசி வரை குளிர்ந்து மகிழ்கிறது. மகிழாதது ஒன்றுண்டு, அது சூரிய ஒளியால் இயங்கும் மின்கருவி!

குற்றாலத்தை அடுத்த என் மாமாவின் தோப்பில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதியும் சிறு கருவி ஒன்று உள்ளது. 6 வோல்ட், 1 வாட் சூரியப் பலகை, 2000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் பாட்டரி, இடையே ஒரு மின்னேற்றி. கடையில் வாங்கியபடியே பொருத்தியது. கோடையில் பழுதின்றி ஓடிய கருவி, சாரல் தொடங்கிய நாலாம் நாள் தடுமாறியது. பொழுது சாய்ந்தால் பதிவே இல்லை. மிளகுக் கொடியில் வாடல் நோய் பரவுவது இந்த ஈர நாட்களில்தான். தேவைப்படும் காலத்தில் உறங்கும் கருவியால் யாது பயன்?

"பாட்டரி செத்துப்போச்சு மருமவனே, புதுசு போட்டிருவோம்" என்றார் மாமா. மறுநாளே வாங்கியும் வந்துவிட்டார். நான் மல்ட்டிமீட்டருடன் விடியற்காலையில் சென்றேன். கருவிக்குச் செல்லும் முனைகளில் மின்னழுத்தம் சுழி. பாட்டரியின் முனைகளிலோ 2.8 வோல்ட்! ஆகவே பாட்டரி சாகவில்லை. அளவுக்கு மீறி வடிந்துவிடாதபடி காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்திருந்தது.

அடுத்தது பலகை. இணைப்பைக் கழற்றி அளந்தால், கருமேகத்தின் கீழும் 6.3 வோல்ட் காட்டியது. பலரும் இங்கேதான் ஏமாறுவர். ஒளி பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் பலகையின் மின்னழுத்தம் சிறிதே தாழும். மின்னோட்டமோ ஒளிக்கு நேர் விகிதத்தில் வீழும். ஆகவே மீட்டரை ஆம்பியர் நிலைக்கு மாற்றிப் பலகையின் இரு முனைகளிலும் நேரே இணைத்தேன். (சிறு பலகையில் இதனால் தீங்கில்லை. பாட்டரியில் செய்துவிடாதீர்கள், தீப்பற்றும்!) நல்ல வெயிலில் 160 மில்லி ஆம்பியர் தரும் பலகை வெறும் 12 தான் தந்தது.

இனி வீட்டுக் கணக்குப்போல வரவு செலவு பார்ப்போம். கருவி எந்நேரமும் 30 மில்லி ஆம்பியர் உண்டது. நாளொன்றுக்கு 720 மில்லி ஆம்பியர்-மணி. கோடையில் ஐந்து மணி நேர நல்ல வெயிலில் வரவு 800. சாரலில் பத்து மணி நேரப் பகல் முழுதும் சேர்ந்தாலும் 120. நாள்தோறும் 600 பற்றாக்குறை என்றால் 2000 கையிருப்பு மூன்றரை நாள்கூடத் தாங்காது. கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது!

வரவைப் பெருக்குவது மேகத்தின் கையில். செலவைச் சுருக்குவது நம் கையில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, எழுதி, மீண்டும் உறங்குமாறு கருவியின் நிரலை மாற்றினேன். வீணே எரிந்த சிவப்பு விளக்கை நீக்கினேன். மின்னழுத்தச் சீராக்கி மட்டும் 5 மில்லி ஆம்பியரைத் தின்றுகொண்டிருந்தது; ஆம்பியரில் சில மில்லியனில் ஒரு பங்கே உண்ணும் வேறொன்றை வைத்தேன். சராசரிச் செலவு 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே இறங்கியது; நாளைக்கு 24 கூட இல்லை. 1958-இல் சூரிய மின்கலங்களுடன் விண்ணில் ஏறிய வான்கார்டு-1 துணைக்கோள் 1964 வரை பேசியது. அதற்கு மேகத் தொல்லை கிடையாது என்பது வேறு விஷயம்!

பலகையைத் தெற்கு நோக்கி நன்கு சாய்க்குமாறு கைந்நூல்கள் கூறும். அது வடநாட்டுக்குப் பொருந்தும். தென்காசி இருப்பது ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில். சித்திரைப் பிறப்பு முதல் ஆவணி முற்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். எனவே மழைநீர் வழிந்தோடும் அளவுக்குச் சாய்த்தாலே போதும். தென்னங்கீற்றின் நிழல் ஒரே ஒரு கலத்தின்மேல் விழுந்தாலும் தொடரிணைப்பிலுள்ள அத்தனை கலங்களின் மின்னோட்டமும் குன்றும். அதனால் பலகையைக் கிணற்று மேட்டுக்கு மாற்றினோம். கண்ணாடியில் படரும் பாசியை மாமா வாரந்தோறும் துடைக்கிறார். அவர் வாங்கி வந்த புது பாட்டரி இப்போது டார்ச் விளக்கில் இருக்கிறது.