கல்லூரிச் சிப்பந்திகளும் சங்க உரிமையும்

தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மகளிர் கல்லூரி ஒன்றின் மாணவியரை ஏற்றிச் செல்லும் பஸ்களை இரண்டு ஓட்டுநர்கள் பல ஆண்டுகளாக ஓட்டிவந்தனர். பஸ் ஓட்டுவதில் நட்டம் நேருகிறது என்று கூறிப் பல்கலைக்கழகம் அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டது. இருவருக்கும் வேலை போயிற்று. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்குச் சட்டம் வகுத்துள்ள நஷ்டஈட்டை அவர்கள் கோரினர். தொழில் நியாயமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 1963-ஆம் ஆண்டில் வேறு விதமாக முடிந்தது. பல்கலைக்கழகம் நடத்துவது கல்விப் பணி. கல்விப் பணி 'இண்டஸ்ட்ரி' ஆகாது. அந்தப் பெரும் பணியில் கீழ்நிலைச் சிப்பந்திகளின் பங்கு மிகச் சிறியது. அச்சிறு பங்கைக் கொண்டு கல்வி நிலையத்தைத் தொழில் நிறுவனமாகக் கருதலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ராம்நாத் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர் பெற்றது இதுவே. ராம்நாத் என்பவர் அவ்விரு ஓட்டுநர்களில் ஒருவர்.

இந்தத் தீர்ப்பின் விளைவு என்ன என்பதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு நெசவாலையில் லாரி ஓட்டியவருக்கு வேலை போனால் முறையிட ஒரு மன்றம் இருந்தது. கல்லூரியில் பஸ் ஓட்டியவருக்கு இல்லாமற் போயிற்று. இருவரும் பிடித்த சக்கரம் ஒன்றுதான். கல்வி புனிதமானது என்ற எண்ணம், கல்விச்சாலையில் பெருக்குகிறவருக்கும், சமைக்கிறவருக்கும், கோப்பு சுமக்கிறவருக்கும் எதிராகவே திரும்பியது.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சிறு எண்ணம் எழுவதுண்டு. தமிழில் 'தொழில்' என்னும் சொல் பரந்து விரிந்தது. உழவும் தொழில், ஆசிரியம் புரிவதும் தொழில், செருப்புத் தைப்பதும் தொழில். 'கல்வி ஒரு தொழிலா?' என்ற கேள்வியைத் தமிழில் கேட்டால் அதில் அவ்வளவு சிக்கல் தோன்றாது. சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால், 'இண்டஸ்ட்ரி' என்ற ஒரு சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதைக் காண நம் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது.

1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, பெங்களூர் நீர்வழங்கல் வாரிய வழக்கில் இக்கேள்விக்கு விடை கூறியது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். ஒரு செயல் முறையாகத் தொடர்ந்து நடைபெறவேண்டும். முதலாளியும் ஊழியரும் ஒத்துழைத்து நடத்தவேண்டும். மக்களின் தேவையை நிறைவேற்றும் பொருளையோ பணியையோ அளிக்கவேண்டும். இம்மூன்றும் இருப்பின் அது 'இண்டஸ்ட்ரி'. லாபம் உண்டா இல்லையா என்பது பொருட்டன்று. ஆகவே பல்கலைக்கழகமும் கல்லூரியும் இவ்வரையறைக்குள் வந்துவிட்டன. ராம்நாத் வழக்கின் தீர்ப்பு தவறு என்று தள்ளப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் மட்டுமா இருக்கின்றனர்? அலுவலகம் உண்டு, அச்சகம் உண்டு, போக்குவரத்து உண்டு, அவற்றில் உழைக்கும் பெருந்திரள் உண்டு என்பதை அத்தீர்ப்பு கண்டுகொண்டது.

இதன்பின் கதை நேராகச் சென்றதென்று சொல்வதற்கில்லை. கல்வி நிலையங்களை வரையறையினின்று நீக்கப் பாராளுமன்றம் 1982-இல் ஒரு திருத்தம் இயற்றியது. ஆனால் வரையறையை மாற்றும் அந்தப் பகுதி கடைசி வரையில் அமலுக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுபடியும் ஆராயவேண்டும் என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு வழக்கு அனுப்பப்பட்டது. இடையே 1988-இல், கோவாவில் பள்ளி ஆசிரியையாக இருந்த சுந்தராம்பாள் என்பவரின் வழக்கில் (பெயரைக் கேட்டதும் நம் நேயர்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும்) பள்ளி 'இண்டஸ்ட்ரி'தான், ஆயினும் ஆசிரியை 'வொர்க்மன்' அல்லர் என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. கற்பித்தல் உடலுழைப்போ எழுத்துப் பணியோ தொழில்நுட்பப் பணியோ ஆகாது என்பது காரணம். ஆக, தொழில் தகராறுச் சட்டத்தின் நிழல் கல்லூரி வளாகத்தில் பேராசிரியருக்கு இருக்கவில்லை. அவருடைய அறையைத் திறந்துவிடும் பியூனுக்கு இருந்தது. இத்தகைய வேடிக்கைகளும் நம் சட்டத்தில் இருக்கின்றன.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமும் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், 2020 என்பதனுள் அடங்கிவிட்டன. இச்சட்டத்தின் வரையறை பெரும்பாலும் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பையே தழுவியது. கல்வி நிலையங்களைப் பெயர் சொல்லி அது விலக்கவில்லை. ஆனால் ஒன்றை நாம் மறைக்கலாகாது. முழுவதுமோ பெரும்பகுதியோ தருமப் பணியில் ஈடுபட்டுள்ள அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. நம் நாட்டில் கல்லூரி நடத்தும் அறக்கட்டளைகள் எத்தனை! அவற்றுள் கட்டணம் பெறாமல் கற்பிப்பவை எத்தனை! இவ்விலக்கைக் கேடயமாகப் பிடிக்க முயலும் நிர்வாகங்கள் இருக்கத்தான் செய்யும். 'நாங்கள் தருமம் செய்கிறோம், உங்களுக்குச் சட்டம் பொருந்தாது' என்று நிர்வாகம் கூறினால், அது நிர்வாகத்தின் கட்சியே தவிர முடிந்த முடிவு அன்று. கல்லூரியின் கட்டண விகிதம், ஆண்டறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைச் சங்கம் திரட்டி வைத்திருப்பது இங்கேதான் பயன்படும்.

இனி, தொழிலாளி யார்? உடலுழைப்பு, எழுத்து வேலை, தொழில்நுட்ப வேலை, மேற்பார்வை வேலை ஆகியவற்றைச் செய்வோர் யாவரும் தொழிலாளிகள். ஆய்வுக்கூட உதவியாளர், நூலக உதவியாளர், தட்டெழுத்தர், தோட்ட மாலி, இரவுக் காவலர், விடுதி மெஸ்ஸின் சமையற்காரர் அனைவரும் இதில் அடங்குவர். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவோருக்கும் நிர்வாகப் பொறுப்பில் இருப்போருக்கும் இடமில்லை. தலைமைக் குமாஸ்தா என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டால் ஒருவர் மேற்பார்வையாளர் ஆகிவிடுவதில்லை. அவர் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதையே மன்றம் பார்க்கும்.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். நிறுவனத்துத் தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்கவேண்டும். ஆனால் ஏழுக்குக் குறையலாகாது. அறுபது சிப்பந்திகள் உள்ள கல்லூரிக்கு ஏழு பேர் போதும் என்பதாயிற்று. இருப்பினும், சிறு கல்லூரியில் ஏழு பேர் தனியாக நின்று சங்கம் நடத்துவதைவிடப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் பொதுவான சங்கத்தில் சேருவதே உசிதம் என்பது நம் கருத்து. தில்லியில் பல்கலைக்கழகத்துக்கும் அதன் கல்லூரிகளுக்கும் சேர்த்துக் கர்மசாரி யூனியன் இருக்கிறது. ஒரு கல்லூரியின் முதல்வர் தம் குமாஸ்தாவை அழைத்து மிரட்டலாம். நாற்பது கல்லூரிகளின் குமாஸ்தாக்களை அவரால் அழைக்க முடியாது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையினின்று நீக்குவது முறையற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டமே அட்டவணையிட்டுக் கூறுகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்குமிடத்தில், தொழிலாளரில் 51 சதவிகிதத்தினரைக் கொண்ட சங்கமே நிர்வாகத்துடன் பேசும் தனி உரிமை பெறும். அத்தகைய சங்கம் இல்லையெனில், 20 சதவிகிதத்துக்குக் குறையாத ஆதரவுடைய சங்கங்கள் கூடிப் பேச்சுக் குழு அமைக்கும். வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயம். அறிவிப்புக் கொடுத்துப் பதினான்கு நாட்கள் கழியாமல் நிறுத்தம் தொடங்கலாகாது. தேர்வுக் காலத்தில் ஆத்திரத்தில் வெளியேறிவிட்டு, பிறகு சம்பளத்தையும் வழக்கையும் ஒருங்கே இழப்பது விவேகமன்று.

இருபது தொழிலாளர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனத்தில் குறை தீர்க்கும் குழு இருக்கவேண்டும். நிர்வாகத்தினரும் தொழிலாளரும் அதில் சம எண்ணிக்கையினராக இருப்பர். ஒருவரை வேலையினின்று நீக்கிவிட்டாலோ, அவர் தனியாகவே சமரச அதிகாரியிடம் மனுச் செய்யலாம். நாற்பத்தைந்து நாட்களில் தீராவிட்டால் நேரே நியாயமன்றத்தை அணுகலாம். இதற்கு நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே தவணை. பழைய சட்டத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தன. 'ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று எண்ணுவோர் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தவேண்டும். இவையன்றி மாநிலக் கல்விச் சட்டங்களும் உண்டு. தில்லியில் ஒரு தனியார் பள்ளியின் ஓட்டுநரைக் கல்வி இயக்குநரின் முன் அனுமதியின்றி நீக்கியது செல்லாது என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து, அவரை மீண்டும் வேலையில் அமர்த்தச் செய்தது. மகாராஷ்டிரத்தில் பல்கலைக்கழக, கல்லூரி ஊழியருக்கெனவே தனித் தீர்ப்பாயம் அமைந்துள்ளது.

பணிக்கொடை விஷயத்தில் கணக்கு மிக எளிது. கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கவேண்டும். ஊதியம் 13,000 ரூபாய், பணி பத்து ஆண்டு என்றால் 75,000 ரூபாய். சாதாரணமாக ஐந்தாண்டுப் பணி தேவை. குறிப்பிட்ட காலத்துக்கென எழுத்து மூலம் நேரடியாக நியமிக்கப்பட்டவருக்குப் புதிய சட்டப்படி ஓராண்டே போதும். சம்பளத்தைப் பலவகைப் படிகளாகப் பிரித்து, ஊதியம் என்ற தொகையைச் சுருக்கும் தந்திரமும் இனிப் பெரிதும் பலிக்காது. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால் மிகுதி ஊதியமாகவே கருதப்படும். கல்வி நிலையச் சிப்பந்திகளுக்குப் பழைய பணிக்கொடைச் சட்டம் 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 3 முதல் பொருந்திவந்தது. ஆசிரியர்களுக்கோ 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே அவ்வுரிமை ஐயமின்றி உறுதியாயிற்று. இவ்வொரு வரிசையிலேனும் பியூன் முன்னே நின்றார்.

இன்று பல வளாகங்களில் காவல், துப்புரவு, சமையல் ஆகிய வேலைகள் ஒப்பந்தக்காரர் கையில் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமற் போனால், அதைத் தரவேண்டிய பொறுப்பு கல்லூரியைச் சாரும். சேமநிதிக்கென்று பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பதையும் அவ்வப்போது பார்த்துவரவேண்டும். அரசு நிறுவனங்களில் ஆண்டுக் கணக்காகத் 'தற்காலிக' ஊழியராக இருப்போருக்கு, 2006-ஆம் ஆண்டு உமாதேவி வழக்கின் தீர்ப்பு பெருந்தடையாகக் காட்டப்பட்டுவந்தது. 2024 டிசம்பரில் ஜக்கோ என்பவரின் வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் பெருக்கியும் தோட்ட வேலை செய்தும் வந்தவர்களை நிரந்தரமாக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. உமாதேவி தீர்ப்பை நெடுநாள் உழைத்தவருக்கு எதிரான ஆயுதமாக்கலாகாது என்றும் எடுத்துரைத்தது. பெண் சிப்பந்திகள் அறிய வேண்டியது இன்னொன்று. பாலியல் தொல்லை குறித்த புகாரை விசாரிக்கும் உட்குழுவில் ஆசிரியரல்லாத ஊழியர் இருவர் இடம்பெறவேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதி.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கென ஒரு சங்கடம் தனியாக உண்டு. தலைநகரில் நம் குடியிருப்புக்குக் காகிதங்களை எடுத்துவந்து படிக்கச் சொல்பவர் சிலர். அவர்களுள் ஒருவர் விடுதியொன்றில் பதினோராண்டுகள் சமையல் செய்தவர். 'கணக்கு முடிக்கக் கையெழுத்து' என்று சொல்லி அவரிடம் வாங்கிய இந்தித் தாளை நாம் படித்துப் பார்த்தபோது, அது அவர் தம் விருப்பப்படியே வேலையை விடுவதாகத் தரும் ராஜிநாமாக் கடிதமாக இருந்தது. ஆட்குறைப்புச் செய்யப்படுபவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் பதினைந்து நாள் ஊதியமும் உண்டு. தாமாக விலகுபவருக்கு அது இல்லை. ஒரு கையெழுத்தில் அவருக்குப் போனது ஏறத்தாழ ஐந்தரை மாதச் சம்பளம். பேச்சு இந்தி நன்றாகவே வரும் அவருக்கு. எழுத்துத்தான் தெரியாது.

ஆகையால் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திடவேண்டாம். கட்டாயப்படுத்தினால், 'படிக்கத் தெரியாது, பொருள் விளக்கப்படவில்லை' என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் இடலாம். நியமனக் கடிதம் தரவேண்டியது இப்போது சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. அதையும், சம்பளச் சீட்டுகளையும், அடையாளச் சீட்டின் பிரதியையும் கல்லூரி அலமாரியில் வைக்காமல் வீட்டில் வைத்திருக்கவேண்டும். சங்கக் கூட்டம் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ நடக்கிறதென்று ஒதுங்குவோரையும் நாம் அறிவோம். தமிழ்ச் சங்கம் பொங்கலுக்கு உதவும். சம்பளத் தகராறுக்கு ஊழியர் சங்கமே உதவும். வழக்குக்குப் பணமில்லையெனில், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ்ப் பெண்களுக்கும், அட்டவணை வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும், தொழிலாளருக்கும் வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.